தலைப்பாகைக்குள் எலி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயதுவரை வாய் வரவில்லை. இருபத்திரண்டில் அந்த வியாதி உச்சத்தில் இருந்தது. அதனால்தான் ஒரு மலைப்பாம்புக்கு இரை ஊட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

இலங்கையில் கடுகண்ணாவைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டம். அங்கே வெள்ளைக்காரத் துரை பங்களாவில் எனக்கு எடுபிடி வேலை. துரை ஒரு மலைப்பாம்புக் குட்டியை மரப்பெட்டியில் வளர்த்தார். கோப்பிச் செடியைக் கடித்து நாசமாக்கும் எலிகளைப் பிடித்து உயிரோடு அதற்குப் போடுவோம். ஒருநாள் ஓர் எலி (அந்தத் தோட்டத்திலேயே ரோஷமுள்ள ஒரே ஜீவன்) பாம்பின் மூஞ்சியைக் கடித்துவிட்டது.

"இனிமே செத்த எலி போடுது. யாருக்கு பாம்பு பழக்கம்?" என்றார் துரை.

"எனக்குத் தொரை!" என்றேன். (மகுடிச் சத்தம் கேட்டாலே பத்தடி தள்ளி நிற்பவன் நான்.)

ஒரு மாதம் பாம்பு செத்த எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பாம்பு சாகுது, நீ போகுது," என்று துரை தன் தமிழில் தீர்ப்புச் சொன்னார். அந்த வார வெள்ளிக்கிழமைதான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி தன் மகள் தெய்வானைக்கு என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. வேலை போனால் பெண்ணும் போச்சு.

மடவளை ஊரிலிருந்து துணி விற்க வந்த முஸ்லிம் வியாபாரி, நானா ஒருவர்தான் வழி சொன்னார். "எலி குளுந்து கெடந்தா பாம்பு அதைக் கல்லுன்னு நெனச்சுக்கும் தம்பி. சூடு காட்டுங்க, ஆட்டிக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமை செத்த எலியைச் சூடாக்கக் குசினிக்குப் போனேன். "என் அடுப்புலயா? ஒன்னையே வெச்சுருவேன்!" என்று சமையற்காரர் கரண்டியை ஓங்கினார். வெளியே மூடுபனி, வெயில் இல்லை. வேறு வழியின்றி, தலைச் சூடாவது ஏறட்டும் என்று எலியைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி குடும்பத்தோடு வந்துவிட்டார். குனிந்து கும்பிட்டேன். நெற்றியில் எலி வால் தொங்கியது. தெய்வானை அதையே பார்த்தாள்.

"பாம்பு காட்டு!" என்று துரை உள்ளிருந்து கூப்பிட்டார்.

மாப்பிள்ளை முறுக்கோடு பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வால் ஆடியது. அடுத்த நொடி பாம்பு என் தலையில்.

"ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு கோப்பி காயப்போடும் களத்தில் ஓடினேன். சறுக்கி விழுந்ததும் தலைப்பாகை கழன்று உருண்டது. பாம்பு எலியை உருவியெடுத்து நிதானமாக விழுங்கத் தொடங்கியது.

"சாப்பிடுது! சாப்பிடுது!" என்று துரை கைதட்டினார்.

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பயலுக்கா பொண்ணு?" என்று திரும்பி நடந்தார்.

"பொய் சொல்றவருதான்ப்பா," என்றாள் தெய்வானை. "ஆனா சொன்ன பொய்க்குத் தலையையே குடுக்குறாரே!"

கல்யாணம் நடந்தது. கோப்பி பட்டுப்போய்த் தேயிலை வந்துவிட்டது. துரையும் பாம்பும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் நான் தலைப்பாகை கட்டி வெளியே கிளம்பினால், பேரப்பிள்ளைகள் கேட்கும்படி தெய்வானை இன்றும் கேட்கிறாள்:

"மத்தியானத்துக்குச் சோறு கட்டட்டுமா, இல்ல தலையிலயே இருக்கா?"