நாடு கடத்தப்பட்ட மந்திரி போகாமல் நின்ற விவரம்

அன்பிற்குரிய தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகு நீங்கலாக அனைவரும் சுகம். உன் வீட்டில் முதுகுகள் உட்பட எல்லாம் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்து நாடகம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். கதை சோகக் கதை. ராஜா யாரோ சொன்ன கோளைக் கேட்டு ராணியைச் சந்தேகிக்கிறார். ராணி உத்தமி என்று பணிப்பெண் சாட்சி சொல்கிறாள், அவளைக் கொல்கிறார். மந்திரியும் அதையே சொல்கிறான்; அவனை நாடு கடத்துகிறார். கடைசியில் உண்மை தெரிந்து தானும் சாகிறார். இம்மாதிரிக் கதைகளில் நல்லவர்களுக்கு உள்ள வேலை இவ்வளவுதான்: சரியானதைச் சொல்ல வேண்டும், சொன்னதும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நீள வசனமும் கைதட்டலும் தப்பு செய்கிறவருக்கு. ராஜா, மாடி வீட்டுப் பல் டாக்டர். பணிப்பெண், உன் அண்ணி. மந்திரி நான். லிஃப்ட் பரிசோதகனாக இருந்ததால், ஆபத்து என்று சொல்லி யாரும் கேட்காமல் போவது எனக்குப் பழக்கம்தான் என்று, நாடகத்தை நடத்திய உடற்பயிற்சி ஆசிரியர் நினைத்தார்.

சோக ராஜான்னா கன்னம் ஒட்டியிருக்கணும்னு டாக்டர் காலையிலேர்ந்து பல்லுல பச்சைத் தண்ணி படாம இருந்திருக்கார். உன் அண்ணியைக் கொன்னு தரையில சாய்ச்சாச்சு, நானும் உண்மையைச் சொல்லியாச்சு, "என் கண்முன் நில்லாதே, போ"ன்னு கையை நீட்டினவர், நீட்டின கையோட ஆட ஆரம்பிச்சார். முதல்ல நடிப்புன்னுதான் நினைச்சேன், ஆனா அவர் அவ்வளவு நல்லா நடிக்கிறவர் இல்லைன்னு ஞாபகம் வந்து, ஓடிப்போய்த் தாங்கிப் பிடிச்சேன். திரைக்குப் பக்கத்துலேர்ந்து உடற்பயிற்சி ஆசிரியர் போ போன்னு கையை ஆட்டறார், அவர் கையை ஆட்டினா பள்ளிக்கூடமே நகருமாம், நான் நகரலை. அப்போ தரையிலேர்ந்து பிணம் பேசிச்சு. "ஏங்க, அவருக்குப் பசி மயக்கம். என் இடுப்புல மிட்டாய் இருக்கு, எடுத்து வாயில போடுங்க." செத்துக் கிடக்கும்போது தொண்டை கமறினா ஆகும்னு செருகி வெச்சிருந்தாளாம். யாரும் மிட்டாயைத் தொடவே கூடாதுங்கற டாக்டர் வாயில நாடு கடத்தப்பட்ட நான் மிட்டாயைத் திணிச்சேன். முன் வரிசையில ஒரு அம்மா அழுதாங்க. ராஜாவுக்கு உயிர் வந்துது, ஆனா வாயில மிட்டாயோட வசனம் எப்படி வரும்? அதனால, "மன்னா, தாங்கள் சொல்ல நினைப்பதை நான் அறிவேன்"னு ஆரம்பிச்சு, அவர் என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் நானே திட்டி முடிச்சேன். மிட்டாய் கரைஞ்சதும் என் தோள்ல சாய்ஞ்சபடியே, எழுதி வெச்ச மாதிரி, "அந்தத் துரோகி போய்விட்டானா?"ன்னு கேட்டார்.

"போய்க்கொண்டே இருக்கிறேன், மன்னா"ன்னேன்.

அவர் சாகற வரைக்கும் பின்னால நின்னு தாங்கினதுல வந்த முதுகுவலி இது. பூங்கொத்து ராஜாவுக்கு. மந்திரிக்கு, போகச் சொன்னதும் போகலைன்னு சங்கத்துக் கண்டனம். திரை விழுந்த பிறகும் டாக்டர் என் சட்டைக் கையை விடலை. "நீங்க போயிருந்தா நான் விழுந்திருப்பேன்"னார். அது எனக்குப் போதுமாத்தான் இருந்தது. இருந்தாலும் இந்த நல்லவன் வேஷம் நம்ம உடம்புக்கு ஆகாது. அடுத்த வாரம் மறுபடி போடறாங்க, நான் அதுல இல்லை. நீங்க வீணா அலைய வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல். எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் பாச அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதினதை மறந்துடு. ராஜா வேஷம் இனி தன்னால முடியாது, நீங்க போடறீங்களான்னு டாக்டர் வந்து கேட்டார்; கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டேன். அவசியம் எல்லாரும் வாங்க. இப்போ மந்திரி அவர்தான். நேத்து ஒத்திகையில, போன்னு சொன்ன பிறகும் என் பின்னாலயே நின்னுட்டிருந்தார். கண்டிச்சு வெச்சிருக்கேன்.