மரவள்ளிக்கிழங்கைப் பிடித்த பேய்

“16.7.2024, செவ்வாய். ஒரு தவறு. சித்தப்பாவின் மார்புக் குழாயைச் சுற்றிச் சாமி சாம்பல் வைத்தது திங்கள் என்று எழுதியிருந்தேன். இல்லை, ஞாயிறு. திங்களன்று வந்தது குளிர்சுரம்.”

காலையில் இதைத் திருத்திய தாரணி, நோட்டை மூடி மறுபடி திறந்தாள். மாலை வகுப்பில் நர்ஸ் உதவியாளர் படிப்பு. தன் கையெழுத்தையே இரண்டு முறை சந்தேகப்படுகிறவள். முந்தியது எது? சாம்பல்தான்.

மலைமேல் இருக்கும் திருப்புலி நாடே ஆறு மாதமாகக் குழாய்ச் சாமி வெங்கிடுசாமியின் கொட்டகையில் கிடந்தது. மலைப்பாதை வளைவில் செத்தவர்களின் பேய், ஆஸ்பத்திரிக் குழாய் வழியே உடம்புக்குள் நுழைகிறதாம். சாமி குழாய்க்கு மேல் எலுமிச்சையைச் சுற்றி அறுப்பார். பேயிருந்தால் ரத்தம் வடியும்; வடிந்தால் குழாய் நுழையும் இடத்தில் சாம்பலை அப்பிவிடுவார். இதுவரை வடியாத ஆளே இல்லை. அப்பேர்ப்பட்ட கைராசி!

சித்தப்பா மாதேஸ்வரனுக்குச் சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்திகரிக்க மார்பில் குழாய். இரண்டு மாதத்துக்கென்று வைத்தது. கையில் ஆபரேஷன் செய்து நிரந்தர வழி அமைக்க வேண்டும் என்றதும் பயந்து, பத்து மாதம் ஓட்டிவிட்டார். இப்போது பல் கிட்டும் நடுக்கம்.

“குழாய் வழியாக் கிருமி ரத்தத்துல போயிருக்குமுங்க சித்தப்பா. இன்னிக்கே கீழே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

“அமாவாசைக்கு முன்னால மலை இறங்குனா உசுரு போயிருமின்னு சாமி சொல்லியிருக்குது கண்ணு.”

அவரை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டுத் தாரணி சாமியை ஊட்டுக்கு அழைத்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. கட்டிலில் தலை முதல் கால் வரை கம்பளி. வெளியே ஒரு குழாய் முனை. எலுமிச்சையில் ரத்தம் வராவிட்டால் சாமியின் சோதனை மெய் என்று நானே நிரூபித்தவளாகிவிடுவேனே என்று கம்பளியின் ஓரத்தை இரண்டு முறை சரிபார்த்தாள்.

சாமி ஆளைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார். அறுத்தார். செக்கச் சிவப்பு!

“நாப்பத்திரண்டாம் வளைவுப் பொம்பள. வயித்துல குந்தியிருக்கறா.”

தாரணி கம்பளியை இழுத்தாள். ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. செருகியிருந்தது வகுப்பில் பழகக் கொடுத்த ரப்பர் குழாய்.

“ஏனுங்க சாமி, கிழங்குக்கு எந்த ஆஸ்பத்திரியில கொழா வெச்சாங்க?” என்று கேட்டாள் பக்கத்து ஊட்டுப் பாப்பாத்தி.

கூட்டம் சிரித்ததில் சாமி வாசலைத் தேடினார். தாரணி இன்னொரு எலுமிச்சையை அடுப்படிக் கத்தியால் அறுத்தாள், வெறும் சாறு. அதையே சாமியின் கத்தியால் அறுத்தாள், ரத்தம். கத்தியில் பூசிக் காயவைத்திருந்த, எலுமிச்சை பட்டால் ரத்தமாய்ச் சிவக்கிற செம்பருத்திச் சாற்றைச் சுரண்டிக் காட்டினாள்.

உள்ளறையிலிருந்து நடுங்கியபடி வந்தார் சித்தப்பா. “அப்போ நானும் இந்த மூட்டையும் ஒண்ணா கண்ணு?”

“இல்லீங்க. மூட்டை சாம்பலைத் தாங்கும். நீங்க தாங்கமாட்டீங்க. ஜீப்புல ஏறுங்க.”

கத்தியை மாற்றிப் பார்க்க ஊருக்கு ஆறு மாதமாகத் தோன்றவில்லை. அந்த விஷயத்தில் கிழங்கும் ஊரும் ஒன்றுதான்.

கீழே ஆஸ்பத்திரியில் கிருமி பிடித்த குழாயைக் கழற்றி மருந்து ஏற்றினார்கள். சித்தப்பாவின் நடுக்கம் தணிந்தபின் தாரணி நோட்டைத் திறந்தாள்.

“நாளை: சாம்பல் வைத்துக்கொண்ட மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் போய்ச் சுரம் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரை மறக்கக் கூடாது.”