மெசின் ஏற்றிய விளக்கு

பதுளை
1999 வைகாசி

பூனாகலையில் இருக்கும் பெரியக்கா வீட்டு மச்சான் அவர்களுக்கு அழகையா பணிவோடு எழுதுவது.

நானும் லெட்சுமியும் சுகம். அச்சகத்து மெசினுக்குத்தான் சுகமில்லாமல் போய் இப்போது தேறியிருக்கிறது. தனுஜாவின் கல்யாணப் பத்திரிகை ஏன் இன்னும் வரவில்லை என்று அக்கா கோபமாகக் கேட்டிருந்தார். பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. தாய்மாமன் சீராக நானே என் கையால் அடித்துத் தருகிறேன் என்று சபையில் வாக்குக் கொடுத்தவன் நான்தானே.

வெள்ளிக்கிழமை, மெசின் ஓட்டும் பலீல் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். நல்ல நேரம் தப்பக் கூடாதென்று நானே ஓட்டினேன். நம்முடைய மெசின் கொழும்பில் யாரோ ஓட்டிக் களைத்து விற்ற பழசு. முதல் பத்திரிகையில் பிள்ளையார் படம் அச்சாகி விழுந்ததும், சுவிட்சுப் பலகையில் சிவப்பாக ஒரு சின்னப் படம் எரிந்தது. உப்பிய வயிறு, நீண்ட மூக்கு, நுனியில் சுடர். அசல் காமாட்சி விளக்கு மச்சான்! லெட்சுமியைக் கூப்பிட்டேன். "ஐயோ, நம்ம தனுஜாவுக்கு மெசினே வெளக்கேத்துதுங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொட்டு வைத்தாள், சூடம் காட்டினாள், ஹாலிஎலயில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய், நம் சம்பந்தி அம்மாவுக்கு டெலிபோனும் அடித்துவிட்டாள். மங்கள விளக்கு அணையக் கூடாதே என்று நான் சாமி விளக்கிலிருந்த நல்லெண்ணெயை அப்படியே மெசினின் எண்ணெய்த் துவாரத்தில் கவிழ்த்தேன். திரியும் கூடவே போனதைக் கவனிக்கவில்லை. விளக்கு நின்று எரிந்தது, நாங்களும் நின்று கும்பிட்டோம், மெசினும் அதன் பாட்டுக்கு ஓடியது.

திரும்பி வந்த பலீல் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். "மொதலாளி, நிப்பாட்டுங்க! என்ன இது, பலகாரம் சுடுற வாசம்?" விளக்கைக் காட்டினேன். "இது வெளக்கில்ல மொதலாளி, எண்ணெக் கேன் படம்; நுனியில இரிக்கிறது சுடரில்ல, எண்ணெச் சொட்டு. உள்ளுக்கு எண்ணெ ஏறுதில்லண்டு மெசின் கத்துது. நீங்க அதுக்குச் சூடம் காட்டியிரிக்கிறீங்க." நான் ஊற்றியதில், எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் குறைந்திருந்த மட்டம் சரியாகியும் படம் அணையவில்லை. பல்பைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கடைசியில் எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, பம்புக்குப் போகும் வடிகட்டியைக் கழற்றினார். எங்கள் வீட்டுத் திரி அதில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கூனிக் குறுகிப் போனேன்.

மெசின் எண்ணெய் ஊற்றி ஓட்டியதும் படம் அணைந்தது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி அம்மா தேங்காய் பழத்தோடு வாசலில் நிற்கிறார்! "என்னாங்க, வெளக்கு அணைஞ்சிருச்சே! கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படின்னா இந்தச் சம்பந்தமே வேணாங்க" என்று அழ ஆரம்பித்தார். மானத்தைப் பார்க்காமல் திரியைக் காட்டி, "முட்டாத்தனம் என்னோடதுங்க, புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்று உண்மையைச் சொல்லிக் கை கூப்பினேன். அவரும் சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஆகவே கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை.

பத்திரிகைக் கட்டை ரயிலில் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன், பூனாகலையிலிருந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், தனுஜா தீர்க்க சுமங்கலியாக இருக்க மாமனின் ஆசி. இந்தக் கடிதத்தை உங்கள் தோட்டத்து லயத்தில் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

தலை நிமிர முடியாத உங்கள் மைத்துனன்
அழகையா

பி.கு.: சம்பந்தி அம்மா சிரித்தார் என்று எழுதியது பொய். நான் உண்மையைச் சொல்லவே இல்லை. திரியைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, "கரண்டு கொறைவுங்க, இந்தா வந்துரும்" என்று அவரை வெளியே உட்கார வைத்தேன். உள்ளே போய்ப் பலீலிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், அந்தப் பல்பு எப்போதும் எரிகிற மாதிரி அவர் வயரை மாற்றிக் கொடுத்தார். சம்பந்தி அம்மா தேங்காய் உடைத்து விழுந்து கும்பிட்டார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். பலீல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையாகவே எண்ணெய் தீர்ந்தாலும் இனி எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் வேன் பிடித்து விளக்கைப் பார்க்க வருகிறார்களாம். நீங்களும் வந்தால் தயவுசெய்து கும்பிட்டுவிடுங்கள் மச்சான். பெண்ணைப் பெற்றவர் நீங்கள்.