நேற்று நடந்ததை மட்டும் எழுதவும்

"செய்திகள். வாசிப்பவர் அன்ரோனெற் பேதுரு, நாலாம் வகுப்பு. நேற்றும் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. செய்திகள் முடிந்தன. வணக்கம்."

அன்ரோனெற் கும்பிட்டுவிட்டு ஏறி நின்ற மர வாங்கிலிருந்து இறங்கினாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். றஞ்சிதம் ரீச்சர் கைதட்டவில்லை. தொடர்ந்து நான்காவது நாளாக இந்த ஊரில் ஒன்றும் நடக்கவில்லை.

"ஒண்டுமே நடக்கேல்லையோ, பிள்ளை?"

"இல்லை ரீச்சர். அப்பா கடலுக்குப் போனவர். பிறகு வந்தவர்."

"அதையெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"அது திங்கட்கிழமை சொன்னது, ரீச்சர்."

மன்னார்த் தீவின் கரையில், பஸ் போகிற வீதியிலிருந்து மணலுக்குள் அரை மைல் உள்ளே கிடந்த பள்ளிக்கூடம் அது. இரண்டு அறை, இருபத்திரண்டு பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு வரை. அதிபர், ஆசிரியர், மணி அடிப்பவர் எல்லாம் றஞ்சிதம் ரீச்சர்தான். அடம்பனில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

அந்த ஊருக்குப் பேப்பர் ஒன்றே ஒன்றுதான் வரும். அதுவும் பக்கீரின் கடைக்கு, இரண்டு நாள் பிந்தி. பக்கீர் விளம்பரம் வரைக்கும் வாசித்து முடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும்போது மூன்றாவது நாளாகிவிடும். இந்த மாதத் தொடக்கத்தில் வட்டாரக் கல்வி அதிகாரி ஏரம்பு வந்திருந்த நேரம், பிள்ளைகள் அந்தப் பேப்பரைத்தான் கணீரென்று வாசித்தார்கள். ஏரம்பு, பார்வையிட வருபவர்கள் எழுதுகிற லொக் புத்தகத்தை வாங்கி இரண்டு வரி எழுதினார்: "செய்தி வாசிப்பு பழையது. பெற்றோர் ஒத்துழைப்பு அறவே இல்லை."

எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "ரீச்சர், சின்னப் பள்ளிக்கூடங்களைப் பெரிசுகளோட சேர்க்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. மாதக் கடைசியில திரும்ப வருவன். இந்த இரண்டாவது வரி மாறாட்டி நான் ஒண்டும் செய்யேலாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய பள்ளிக்கூடம் ஐந்து மைல். இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் பெண்பிள்ளைகள். அவர்களை ஐந்து மைல் அனுப்ப ஒரு வீட்டிலும் மனம் வராது என்று ரீச்சருக்குத் தெரியும். அதை நினைத்தால் அவருக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட ஆத்திரம், அந்த இரண்டாவது வரி உண்மையாக இருந்ததுதான். பெற்றோர் கூட்டம் மூன்று தடவை வைத்தார். ஒரேயொரு தடவை, அன்ரோனெற்றின் அயல்வீட்டு யாகப்பர் வந்தார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

பழைய பேப்பருக்குப் பதிலாக வீட்டுச் செய்தி கேட்டும் அன்ரோனெற் ஒன்றும் நடக்கவில்லை என்று வாசித்த அன்றைக்கே, ரீச்சர் கரும்பலகையில் சட்டம் எழுதினார்.

"எல்லாரும் நாளுக்கு ஒரு செய்தி எழுதிக்கொண்டு வரவேணும். நேற்று நடந்ததை மட்டும் எழுதவேணும். ஒருக்காச் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. பொய் எழுதினால் முழங்காலில நிக்கவேணும். ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதினாலும் முழங்கால். கீழ அம்மாவோ அப்பாவோ கையெழுத்து வைக்கவேணும். விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர்!"

நாளுக்கு இருபத்திரண்டு கையெழுத்து. ஒத்துழைப்பு இல்லையென்று ஏரம்பு இனி எப்படி எழுதுகிறார் பார்ப்போம் என்று ரீச்சர் மனத்துக்குள் கறுவிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஊர் விழித்துக்கொண்டது.

"எங்கள் ஆடு கிணற்றுக்குள் விழுந்தது. அப்பா இறங்கித் தூக்கினார். ஆடு நலமாக இருக்கிறது" என்று வாசித்தாள் அன்ரோனெற். கடைக்காரப் பக்கீரின் மகள் உம்மு ஸல்மா, "எங்கள் வாப்பா கடைக் கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார்" என்றாள். யாகப்பரின் மகன் பெனடிக்ற் வீட்டில், கழுதை ஒன்று குசினிக்குள் புகுந்து கஞ்சி குடித்திருந்தது.

ரீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களோ? எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கு. நீங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்."

செவ்வாய்க்கிழமை அன்ரோனெற் வாங்கில் ஏறித் தொண்டையைச் செருமினாள்.

"நேற்றுப் பின்னேரம் ஐந்தரை மணிக்கு எங்கள் அம்மாவும் அப்பாவும் சண்டை பிடித்தார்கள். காரணம், குழம்பில் புளி கூடிவிட்டது. அம்மா அகப்பையை எறிந்தார். அப்பா விலகிக்கொண்டார். சண்டை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது."

ரீச்சர் கொப்பியைப் பறித்துப் பார்த்தார். கீழே "கிறேஸ்" என்று தாயின் அழகான கையெழுத்து. பாவம், என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலே வைத்துவிட்டாள் என்று ரீச்சர் நினைத்தார். ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கில் ஏற்றிவிட்டோமே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரமே சமாதானம் செய்யக் கிளம்பினார்.

அங்கே பேதுருவும் கிறேஸும் ஒரே வலையை இரண்டு பக்கமும் பிடித்துப் பொத்தல் பார்த்தபடி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பிறத்தியாருக்கு முன்னால் சிரித்து மழுப்பத் தெரியாத வெள்ளந்திச் சனம் என்று ரீச்சர் இரங்கினார்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ." கிறேஸ் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"குடும்பமெண்டால் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். அதுக்காக ஒரு புளிக்கு அகப்பை எறியலாமோ, கிறேஸ்?"

கிறேஸ் தலையைக் குனிந்தாள்.

"இனி எறியமாட்டா, ரீச்சர்" என்றார் பேதுரு. "ஒருக்கா எறிஞ்சால் எறிஞ்சதுதான். இனி அதை எறிஞ்சு பிரயோசனமில்லை."

நல்ல மனுசன், உடனே மன்னித்துவிட்டான் என்று ரீச்சர் நிறைவோடு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தார்.

புதன்கிழமைச் செய்தி: "றஞ்சிதம் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து சமாதானம் செய்து பிளேன்ரீ குடித்தார்." மற்றப் பிள்ளைகள் அன்ரோனெற்றைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

வியாழக்கிழமை ஆறு வீட்டில் சண்டை.

ஆறு வீட்டுக்கும் ரீச்சர் ஏறி இறங்கினார். ஆறு பிளேன்ரீயும் குடித்தார். எல்லா வீட்டிலும் கதிரை தயாராகத் துடைத்து வைத்திருந்தது அவருக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. ஆனால் ஆறாவது வீட்டில் வயிறு பொருமிக்கொண்டிருந்தபடியால் யோசிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சட்டத்தைத் திருத்தினார். "வீட்டுக்குள்ள நடக்கிறது செய்தியில்லை. படலைக்கு வெளியில நடக்கிறதை மட்டும் எழுதுங்கோ!"

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்பார்கள். இங்கே ஓணானுக்குப் பதிலாக வேலியே வந்தது.

"பேதுரு மாமா எங்கள் வேலியைப் பிடுங்கி, ஒரு முழம் எங்கள் வளவுக்குள் தள்ளி நட்டார்" என்று அடுத்த திங்கட்கிழமை பெனடிக்ற் வாசித்தான்.

"யாகப்பர் மாமா அந்த வேலியைப் பிடுங்கி, இரண்டு முழம் எங்கள் வளவுக்குள் தள்ளி நட்டார்" என்று செவ்வாய்க்கிழமை அன்ரோனெற் வாசித்தாள்.

பக்கீரின் கடைக் கதவு இதற்கிடையில் பச்சையிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து சிவப்பாகியிருந்தது. பக்கீருக்கும் மனைவி கைருன்னிசாவுக்கும் நிறத்தில் ஒத்துவரவில்லை, அந்தக் குடும்பமும் உடையப் போகிறது என்று ரீச்சர் முடிவுகட்டினார். வள்ளக்காரக் கொன்ஸ்ரன்ரைன் கள்ளுக் குடிப்பதை விட்டுவிட்டதாக அவர் மகள் ஒருநாள் வாசித்து எல்லாரையும் கைதட்ட வைத்தாள். அடுத்த நாள், திரும்பத் தொடங்கிவிட்டதாக வாசித்தாள்.

ரீச்சர் கொன்ஸ்ரன்ரைனை வீதியில் மறித்தார். "விட்டது நல்ல காரியம். பிள்ளைக்காக விட்டனீங்களாக்கும்?"

"ஓம் ரீச்சர். பிள்ளைக்காகத்தான்."

"அப்ப திரும்பத் தொடங்கினது ஆருக்காக?"

"அதுவும் பிள்ளைக்காகத்தான், ரீச்சர்."

"வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று ரீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

ஆனால் அவரை உண்மையில் நடுங்க வைத்தது வேலிதான். அடம்பனில் ஒரு முழ எல்லைக்காக அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருசம் கோட்டுக்கு அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இன்றைக்கு வேலிக் கதியால் பிடுங்குகிற கை நாளைக்குக் கத்தி பிடிக்கும். செவ்வாய்க்கிழமை பின்னேரமே கயிறு எடுத்துக்கொண்டு போனார்.

பேதுருவும் யாகப்பரும் குழி தோண்ட ஆளுக்கொரு அலவாங்கோடு வேலியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரீச்சர் கயிறு பிடித்து அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டார்.

"இதுதான் எல்லை. இனி இந்த வேலியை இஞ்சாலயும் அங்காலயும் ஒரு விரக்கடை தள்ளினால், நான் இந்த ஊரிலயே இருக்கமாட்டன்!"

பேதுரு தலையைச் சொறிந்தார். "அப்ப... நாளைக்கு, ரீச்சர்?"

"நாளைக்கும் தள்ளக்கூடாது. நாளையிண்டைக்கும் தள்ளக்கூடாது!"

அப்போதுதான் பேதுருவும் யாகப்பரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அப்படியொரு கவலை தெரிந்தது. ரீச்சருக்கு அது கொலைவெறியாகத் தெரிந்தது.

புதன்கிழமை பெனடிக்ற் வாசித்தான்: "அப்பாவும் பேதுரு மாமாவும் வேலியை எந்தப் பக்கமும் தள்ளாமல், முழுவதாகப் பிடுங்கிப் போட்டார்கள்."

அன்று இடைவேளைக்கு ரீச்சர் அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதார். பிள்ளைகளுக்கு நாலு எழுத்துப் பழக்க வந்து, ஊரையே அடிபட வைத்துவிட்டேனே என்று உள்ளம் வெந்தது. கொஞ்ச நாளாக வேறு, தாய் தகப்பன்மார் காலையில் பள்ளிக்கூட வேலியோரம் வந்து பேசாமல் நின்று செய்தி கேட்டுவிட்டுப் போகிறார்கள். கூட்டத்துக்கு வராத சனம். தங்கள் மானம் இன்றைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள், வேறென்ன?

அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவினார். சரி, ஏரம்பு வந்துபோகும்வரை பழைய பேப்பரையே வாசிப்போம், முதலாவது வரி கிடந்தால் கிடக்கட்டும், சண்டை வெளியே தெரியாவிட்டால் போதும் என்று முடிவெடுத்தார். அவர் வர இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.

ஏரம்பு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மணி அடித்தாயிற்று. வேலியோரம் வழமைபோலச் சனம். ரீச்சர் பதறியடித்து ஒரு பேப்பரை எடுத்து அன்ரோனெற்றின் கையில் திணித்தார். "இதை வாசி" என்று காதுக்குள் சொன்னார்.

அன்ரோனெற் திகதியைப் பார்த்தாள். "ரீச்சர், இது போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்."

"பரவாயில்லை, வாசி."

"முழங்கால், ரீச்சர்!"

"என்ன முழங்கால்?" என்று ஏரம்பு கேட்டார்.

"நேற்று நடந்த உண்மையைத்தான் வாசிக்கவேணும், சேர். அதுதான் ரீச்சரின்ர சட்டம்."

ஏரம்புவின் முகம் மலர்ந்தது. "அருமையான சட்டமெல்லோ! வாசியுங்கோ பிள்ளை, கேப்பம்."

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"செய்திகள். வேலி இல்லாத இடத்தில் நின்று எங்கள் அப்பாவும் யாகப்பர் மாமாவும் ஒருவரையொருவர் பதினைந்து நிமிடம் ஏசினார்கள்."

"எங்கள் கடைக் கதவு நேற்று முதல் கறுப்பு."

"எங்கள் அப்பா இரண்டாம் முறையாகக் குடியை விட்டார்."

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்கினார்கள். ஏரம்புவின் முகத்தில் மலர்ந்தது மெல்ல மெல்ல வாடியது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதென்ன ஊர், ரீச்சர்? அயலுக்கயல் சண்டை, வீட்டுக்கு வீடு பிரச்சினை. ஆளையாள் பாத்து முகம் சிரிக்காத சனத்திட்டையிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்ன ஒத்துழைப்பு வரப்போகுது?"

லொக் புத்தகத்தைத் திறந்தார். பேனையின் மூடியைக் கழற்றி, "பெற்றோர் ஒத்துழைப்பு" என்று எழுதத் தொடங்கினார்.

"சேர், பொறுங்கோ." ரீச்சர் நிமிர்ந்து நின்றார். "சனத்தில பிழையில்லை. பிழை என்ர. நான் செய்தி கேக்க முன்னம் இந்த ஊரில ஒரு சண்டை இருக்கேல்லை. என்னை எங்க வேணுமெண்டாலும் மாத்துங்கோ. பள்ளிக்கூடத்தை மூடாதேங்கோ. பதின்மூண்டு பெட்டைப் பிள்ளையள், சேர். அவளவை வீட்டோட நிண்டிடுவாளவை."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இண்டையோட செய்தி முடிஞ்சுது. இனி ஒருத்தரும் ஒண்டும் எழுத வேண்டாம்."

வேலியோரம் நின்ற அத்தனை சனமும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. கைருன்னிசா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெயின்ற் படிந்த கையால் நெஞ்சைத் தடவினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாகப்பர் முன்னுக்கு வந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் நின்ற பேதுருவின் தோளில் ஆறுதலாக ஒரு கையைப் போட்டுக்கொண்டு அவர் கேட்டார்:

"உண்மையாவோ, ரீச்சர்? அப்ப இண்டைக்கு வேலியை நட்டால் நாளைக்குப் பிடுங்கத் தேவையில்லையோ? பிள்ளையள் பொய் எழுதி முழங்காலில நிக்கக்கூடாதெண்டு, நாங்களும் எத்தினை நாளைக்குத்தான் சொல்லிவைச்சுச் சண்டை பிடிக்கிறது!"