எனக்குக் காய் விட்ட பெட்டிகள்

பெங்களூருவில் எத்தனையோ பெரிய மூளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மைசூர் மைன்ஸ் என்கிற எங்கள் தங்கச் சுரங்க ஊரின் மிக்சியைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவன் உலகத்தில் ஒருவனும் இல்லை.

மிக்சி ரிப்பேர் செய்வதால் அவன் பெயரே மிக்சி. என்னோடு படித்தவன், பத்தாவதில் மூன்று தடவை கோட்டை விட்டவன். நானோ தினமும் ரயிலேறி பெங்களூரு போய் வருகிற நெட்வொர்க் இன்ஜினியர். ஆனாலும் எங்கள் வரிசை வீட்டு லைனில் யாருக்கு நெட் வராவிட்டாலும், என் வீட்டைத் தாண்டிப் போய் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எரியுமா, எரியாதா?

எங்கள் லைனில் போன் சிக்னல் சரியாக வராது. மிக்சி பழைய வைஃபை பெட்டிகளைப் பொறுக்கி வந்து வீட்டுக்கு வீடு கூரையில் கட்டினான். நடுவில் டவர் கிடையாது, தலைமைப் பெட்டியும் கிடையாது. ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் வழி கேட்டுக் கேட்டு, சேதியைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் விடுகிற சேதிகூட அதில்தான் வரும். மழைக்கு நனையாமலிருக்க ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் ஜாடி. தன் அப்பாவின் மைன்ஸ் ஹெல்மெட்டோடு கூரையேறி, பெட்டிகளிடம் மரியாதையாகப் பேசுவான். "இன்னாங்க, ராத்திரி நனைஞ்சிட்டீங்களா? கொஞ்சம் இப்டி திரும்பி உக்காருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இல்லாத வீடுகளுக்கெல்லாம் வழி கேட்டு நூறு நூறாகப் பொய்க் கேள்விகளை அனுப்பினேன். பாவம் பெட்டிகள், 'அந்த வீடு எங்கே, எங்கே' என்று ஒன்றையொன்று கேட்டே மூச்சு முட்டிப் படுத்துவிட்டன. லைன் முழுக்க நெட் அவுட். நான் தலை வாரி, சட்டை மாற்றி, கூப்பிட வருவார்கள் என்று வாசலில் நின்றேன். எல்லாரும் என்னைக் கடந்து மிக்சி வீட்டுக்கு ஓடினார்கள்.

ஒரு மணி நேரத்தில் நெட் வந்துவிட்டது.

"எப்டிடா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எங்கப்பா மைன்ஸ் ஷாஃப்ட்ல, ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜுக்கு பெல் அடிக்கிற பெல்மேன் இல்ல மச்சான்? எவனாவது சும்மா சும்மா பெல் அடிச்சான்னா அவன கடைசி கேஜ்லதான் ஏத்துவாராம். அதையே பெட்டிங்களுக்கும் சொல்லிவெச்சிட்டேன். எந்தப் பெட்டி அளவுக்கு மீறிக் கூவுதோ, அதோட பக்கத்துப் பெட்டிங்க ஒரு நாளைக்குப் பேசாது."

எங்கள் ஆபீசில் இதற்கு மூன்று மீட்டிங் போட்டிருப்போம். "எந்தப் பெட்டின்னு தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டேன். எங்கள் கூரையிலிருந்த ஜாடியை ஒரு பார்வை பார்த்தான். ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானமே தண்ணீர் வந்தது. எல்லார் வீட்டுக்கும் சேதி போயிற்று, எங்களுக்கு மட்டும் இல்லை. விஷயம் தெரிந்து குடத்தோடு ஓடுவதற்குள் குழாய் காற்றைத் துப்பியது.

"ஊருக்கே தண்ணி வந்துச்சு, நம்ம பெட்டிக்கு மட்டும் இன்னா கேடு? இன்ஜினியராம், பெரிய இன்ஜினியரு!" என்று என் மனைவி வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"மிக்சி காலைல இந்தக் கூரையையே பாத்துட்டுப் போனானே, நெட்டைக் கெடுத்தது இந்த வீட்டுப் பெட்டிதானா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். கூட்டம் கூடிவிட்டது. இனி இந்த லைனில் எந்த முகத்தோடு நடப்பேன்?

அப்போது இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு மிக்சி வந்தான்.

"நான்தாங்க்கா இவனைக் கெடுத்துப் பாக்கச் சொன்னேன். நம்ம பெட்டிங்க தாங்குதா இல்லியான்னு தெரியணும் இல்ல? இந்த ஊர்ல அத்த செய்ய இவன் ஒருத்தனாலதான் முடியும்."

கூட்டம் என்னை மரியாதையோடு பார்த்தது. குடத்தை இறக்கும்போது என் காதோரம் சொன்னான்: "நாளைக்குப் பேசிடும் மச்சான், கவலப்படாத."

படுபாவி, பொய் சொல்வதிலும் என்னை முந்திவிட்டான். என் பொறாமை இன்றுவரை ஒரு சொட்டு குறையவில்லை. ஆனால் அவன் கூரையேறும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ள வேறு யாரையும் நான் விடுவதில்லை.