அப்பாவுக்கு ஜாமீன், வீட்டுக்குப் பூட்டு

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். இதை அடிக்கடி சொல்வேன். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.) ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் படித்திருந்தால், கேஸ் சிலிண்டர் புக் செய்வதிலிருந்து அப்பாவை ஜெயிலிலிருந்து எடுப்பது வரை எல்லாம் அவள் இலாகா. நானும் இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்தேன். செல்போனில் பார்த்து.

அப்பா உள்ளே போன கதை சின்னது. செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் அவர். வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், லோடில் தண்ணீர் குறைகிறது என்றார். அதோடு விடாமல் அப்பாவின் பிறப்பைப் பற்றியும் ஒரு கருத்துச் சொன்னார். அப்பா கையிலிருந்த ரப்பர் குழாயால் பதில் சொன்னார். செயலாளருக்கு நெற்றியில் தையல். அடிக்கும்போது அப்பா பேசிய வசனத்தை இங்கே எழுத முடியாது, எஃப்.ஐ.ஆரில் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார்கள். அந்த வசனத்துக்காகக் கொலை மிரட்டல் பிரிவும் சேர்ந்து, ரிமாண்ட்.

முதல் முறை பார்க்கப் போனபோது அம்மா மீன் குழம்பு எடுத்துவந்தாள். சமைத்தது எதுவும் உள்ளே போகாது என்று கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். காம்பவுண்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து நாங்களே சாப்பிட்டோம். (நல்ல குழம்பு.) இரண்டாவது முறைக்குள் நான் நிபுணி ஆகிவிட்டேன். ஆதார் ஒரிஜினல் வேண்டும், செல்போன் வெளியிலேயே நிற்க வேண்டும், சீக்கிரம் போய் மனு போட வேண்டும் என்று வரிசையில் நின்ற மற்றக் குடும்பங்களுக்கும் பாடம் எடுத்தேன். காசு வாங்காத வக்கீல் மாதிரி.

அப்புறம் ஜாமீன் கிடைத்தது. அசல் வக்கீல் போன் செய்து, ஜெயிலுக்கு ஆர்டர் போய்விட்டது, நாளைக்கு வந்துவிடுவார் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரே. ஏதோ ஒரு இணையதளத்தில் 'நடைமுறைகள் முடிய மாலை ஆகலாம்' என்று படித்திருந்தேன். ஆகவே சாயந்திரம் என்று அறிவித்துவிட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் தாய்மாமன் கண்ணன் மட்டும், விடியற்காலையிலேயே கேட்டில் போய் நிற்கலாம் என்றார்.

"மாமா, அதுக்கெல்லாம் ஒரு ப்ரொசீஜர் இருக்கு" என்றேன்.

"இருந்தா சரி" என்றார் மாமா.

அப்பாவைப் பார்த்து யாரும் முகம் திருப்பக்கூடாது, ராஜா மாதிரி வரவேற்க வேண்டும் என்று வேன் பிடித்தேன். நசரத்பேட்டையில் எங்கள் தெருவில் அப்பாவைத் தெரிந்த எல்லோரையும் ஏற்றினேன். ரோஜா மாலை வாங்கினேன். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார் எல்லாவற்றையும், எது கேட்டாலும் கையில் இருக்கட்டும் என்று ஃபைலில் போட்டுக்கொண்டேன். வீட்டைப் பூட்டினேன்.

வேனில் ஏற்றாத ஒரே ஆள் நித்யா. எங்கள் வீட்டை ஒட்டி எழும்பிய புது ஃபிளாட்டில், எங்கள் சமையலறைக் கூரைக்கு நேர் மேலே பால்கனி உள்ள வீட்டுக்கு வந்தவள். கோயம்புத்தூர்க்காரி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அப்பா உள்ளே போன பிறகு குடிவந்ததால் அவரைப் பார்த்ததில்லை. என்னை 'நீங்க' என்று மதித்துப் பேசிய முதல் படித்த சிநேகிதி. அவளிடம் போய் ஜெயில் என்று எப்படிச் சொல்வது? அப்பா லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். (தண்ணீர் லாரியிலா என்று அவள் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.) அன்றைக்கும், கல்யாணத்துக்குப் போகிறோம், வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜெயில் வாசலில் மத்தியானத்திலிருந்து நின்றோம். அம்மா மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். காவலரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று மாமா கிளம்பும்போதெல்லாம் நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இடையில் நித்யா விடாமல் போன் செய்தாள். கல்யாண வீடு என்றால் மேளச் சத்தம் கேட்க வேண்டாமா? கட் செய்துகொண்டே இருந்தேன்.

இருட்டும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல். ஆறுமுகம் உனக்கு என்ன உறவு என்று கேட்டது. அப்பா என்றேன்.

"உங்க ஊட்டுக் கூரையைப் பிரிச்சு எறங்கிகினு இருந்தாரு. புட்சினு வந்துகீறோம். ஸ்டேஷனுக்கு வா."

நடந்தது இதுதான். அப்பாவைக் காலையிலேயே விட்டுவிட்டார்கள். கேட்டில் யாரும் இல்லை. எங்கள் யாருடைய எண்ணும் அவருக்கு மனப்பாடமில்லை. பஸ் மாறி மாறி வீட்டுக்கு வந்தால் பூட்டு. அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால் அக்கம்பக்கம் முழுக்க என் வேனில். பசி வேறு. சமையலறைக்கு ஷீட் போட்டவரே அவர்தான். எது நகரும் என்று தெரியும். ஏறிவிட்டார். பால்கனியிலிருந்து நித்யா பார்த்தது, தாடி வைத்த யாரோ ஒரு ஆள் என் வீட்டுக் கூரையைக் கழற்றுவதை. எனக்குப் போன் செய்து பார்த்துவிட்டு, போலீசுக்குச் செய்துவிட்டாள். நான் ஒப்படைத்த பொறுப்பு.

வேனோடு ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எஸ்.எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது ஒரு வழக்கு எழுதினால் ஜாமீன் ரத்தாகும், ராத்திரிக்குள் திரும்ப உள்ளே என்றார். அம்மா மாலையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். ஆதார் படத்தையும் அப்பாவின் தாடியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் சரி என்று, ஓரமாக நின்ற நித்யாவைக் கூப்பிட்டார்.

அவள் என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்தாள்.

"உங்கப்பா மகாராஷ்டிராவுலதானுங்களே இருக்காரு. இந்த ஆளு உங்களை மிரட்டுறாருங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

எஸ்.எஸ்.ஐ.யின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. அப்பா என்னையே பார்த்தார். என் மகாராஷ்டிராவை அவர் அப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறார்.

"இவர்தாங்க எங்கப்பா" என்றேன். "மகாராஷ்டிரா எல்லாம் போகல. ஜெயில்ல இருந்தாரு. நான்தான் பொய் சொன்னேன்."

ஸ்டேஷன் வாசலில் நின்ற தெரு முழுக்கக் கேட்டது. அவர்களுக்கெல்லாம் அது பழைய செய்தி. நித்யா என் கையை விட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"சாப்டீங்களாங்க?"

"அதுக்குத்தாம்மா ஷீட்டைப் பிரிச்சேன்" என்றார் அப்பா.

எஸ்.எஸ்.ஐ. பேனாவை மூடினார். நிபந்தனை ஜாமீன் என்பதால் மறுநாளிலிருந்து தினமும் அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பாவுக்கு நினைவுபடுத்தினார். வந்ததே வந்துவிட்டேன், நாளைய கையெழுத்தை இப்போதே போட்டுவிடட்டுமா என்று அப்பா கேட்டார். போய்யா என்றார்.

அன்றிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அப்பா இதைத்தான் சொல்கிறார். "ஜெயில்ல அத்தினி நாள் இருந்தேன், ஒருத்தனும் என்னைத் திருடன்னு சொல்லல. எம்பொண்ணு ஏற்பாட்டுல வெளிய வந்தேன், அந்தப் பேரும் வந்துச்சு."

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாராவது ஜாமீனில் வருவதாக இருந்தால், அந்தக் குடும்பத்தை மாமா என்னிடம் அனுப்புகிறார். நானும் சொல்கிறேன். வக்கீலிடம் தேதியை மட்டும் கேட்காதீர்கள், நேரத்தையும் கேளுங்கள். உள்ளே இருப்பவருக்கு ஒரு போன் எண்ணையாவது மனப்பாடம் செய்யவையுங்கள். காலையிலேயே கேட்டுக்குப் போய்விடுங்கள். பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போங்கள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

கேட்டுவிட்டு வேன் ஏறிப் போகிறார்கள். போகும்போது, "ஊட்டப் பாத்துக்க நீ கீறியேம்மா" என்று வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு.