புரபசர் படித்த கடிதம்

"சத்தமாவே படிங்கய்யா. நாங்களும் கேக்கறோம்" என்றார் கொத்தனார்.

புரபசர் சட்டைப் பையைத் தடவினார். மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். "கண்ணாடியைக் காணோமே" என்றார். கண்ணாடி கிடைக்காத வரை அந்த வெளிநாட்டுக் கடிதம் தன்னை ஒன்றும் செய்துவிடாது என்பது அவர் கணக்கு.

கொத்தனாரின் மகள், வந்ததிலிருந்து வாயே திறக்காத பெண், பாடநோட்டின் மேல் கிடந்த கண்ணாடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

புரபசர் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் அல்ல. அவர் நடத்தும் அயல்மொழிப் பயிற்சிப் பள்ளிக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், இடம் மிச்சமிருக்கிறதே என்று சேர்த்துவிட்டது. அந்த அயல்மொழியை அவர் கற்றதும் ஏறக்குறைய அப்படித்தான். கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர், அந்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்க அனுமதி கிடைக்காமல் பத்தொன்பது நாள் கப்பலிலேயே நின்றார். யாரோ போட்டுவிட்டுப் போன, சுற்றுலாப் பயணிகளுக்கான மொழிக் கையேடு ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு பாடம். நான்கை ஒரு மாலுமி சொல்லிக்கொடுத்தான். மீதி எட்டையும் படங்களைப் பார்த்து இவரே ஊகித்துக்கொண்டார்.

பதினோரு வருஷமாக அந்தப் பன்னிரண்டு பாடத்தையும் வகுப்பு வகுப்பாகக் கத்தவைத்து, எல்லோரையும் முதல் வகுப்பில் தேறவைத்து, விமானம் ஏற்றிவிட்டிருக்கிறார். போனவன் எவனும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதுவே தரத்துக்குச் சான்று. கல்லூரி விழாக்களில் மைக்கைப் பிடித்தால், "இளைஞனே! இன்னொரு மொழி உனக்கு இன்னொரு உயிர்!" என்பார். கைதட்டல் அடங்கக் கொஞ்சநேரம் ஆகும்.

இப்போது கையில் ஆறு வரி. மேலே தொழிற்சாலை முத்திரை, கீழே யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்து. நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கொத்தனாரின் பையன் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான். இவரிடம்தான் படித்துவிட்டுப் போனான். அவன் நல்லபடி இருக்கிறானா இல்லையா என்பது இந்த ஆறு வரிக்குள் இருக்கிறது. ஒரு வரிகூட அவருக்குப் பிடிபடவில்லை.

கெட்ட செய்தி சொன்னால் நூறு கேள்வி வரும். நல்ல செய்தியை எவனும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

"அடடே! உங்க பையனுக்குப் பதவி உயர்வு!" என்றார். "சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க!"

கொத்தனார் சிரிக்கவில்லை. பூசாத சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அப்படியா? அந்த பாஷையிலயே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்."

புரபசர் கடிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பதினோரு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. நான்காம் பாடத்தைக் கணீரென்று ஒப்பித்தார்: ரயில் நிலையத்தில் ஒருவர் ஜன்னலோர இருக்கை கேட்கிற பாடம். அந்தப் பெண் ஒரு நோட்டைப் பிரித்துக் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

"பொண்ணுக்கு ஆர்வம் ஜாஸ்தி. அடுத்த வகுப்புல சேர்த்துடுங்க" என்றார் புரபசர்.

"அதுக்குத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் கொத்தனார்.

மறுநாள் காலையில் இருவரும் மறுபடி வந்து நின்றார்கள்.

"மூணு வாரமா போனே வரலைங்கய்யா. அதைப் பத்தி எதுனா போட்டிருக்கா?"

"இருக்கே! நாலாவது வரி. சூப்பர்வைசருங்க வேலை நேரத்துல போன் வச்சுக்கக் கூடாதாம்."

"வேலை முடிஞ்ச பிறகு?"

"அடுத்த ஷிப்ட் ஆரம்பிச்சுடும்."

"ஞாயித்துக்கிழமை?"

"அந்த நாட்டுல ஞாயித்துக்கிழமையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் புரபசர் தானே திடுக்கிட்டார். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

"சரி, கம்பெனிக்கு ஒரு பதில் எழுதிக் குடுத்துடுங்க" என்றார் கொத்தனார்.

தானே வெட்டிய குழி, எட்டிப் பார்த்தால் ஆழமாகத்தான் தெரிந்தது. கையேட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஏழாம் பாடத்திலிருந்து மூன்று வாக்கியங்களைப் பார்த்து எழுதினார். என் பெட்டி தொலைந்துவிட்டது. அறைக்கு ஒரு மருத்துவரை அனுப்பவும். நாளை மழை பெய்யுமா?

"என்ன எழுதியிருக்கீங்க?"

"முதலாளிக்கு நன்றி சொல்லியிருக்கேன். கொஞ்சம் உருக்கமா."

பெண் அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நாலு தடவை சொன்ன பொய் சொன்னவனுக்கே உண்மையாகிவிடும்; அதை விளம்பரமாகவும் ஆக்கத் தோன்றும். சேர்க்கைப் படிவத்தில் இருந்த பையனின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஆள் உயரப் பலகை வைத்தார் புரபசர். 'மேற்பார்வையாளராக உயர்ந்த எம் மாணவர்! நீங்களும் உயர வாருங்கள்!'

மூன்றாம் நாள் கொத்தனார் அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். புரபசர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்தார். பெற்ற மனம், பார்த்துத் தீரவில்லை போலும்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லணும். பையன் இங்க ஒழுங்காப் படிச்சானா?"

புரபசருக்கு முகம்கூட ஞாபகமில்லை. பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பதிவேட்டைப் புரட்டினார். ஒருநாள் கூட விடுப்பு இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மூன்று நாளில் முதல் தடவையாக உண்மை பேசும் வாய்ப்பு. குரல் தானாகவே உயர்ந்தது.

"தங்கம்ய்யா அவன்! நான் சொல்லிக் குடுத்ததுல ஒரு எழுத்தை விட்டதில்லை. பன்னெண்டு பாடமும் தலைகீழா ஒப்பிப்பான்."

"நிச்சயமா?"

"எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

கொத்தனார் கடிதத்தை மேஜைமேல் விரித்தார். சிமெண்ட் அரித்த விரலை மூன்றாம் வரியில் வைத்தார். "இந்த வார்த்தை? இங்க ஒரு தடவை, கீழ ஒரு தடவை வருதே?"

"இதுவா? மகிழ்ச்சி" என்றார் புரபசர், கொஞ்சமும் தயங்காமல்.

கொத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றார் புரபசர். "அழட்டும், விடும்மா."

அந்தப் பெண் நோட்டை மூடினாள். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அது எங்க அண்ணன் பேர் சார், அவன் விசாவுலயும் இப்படித்தான் இருக்கு. மேலேருந்து சரக்கு விழுது, நகரு நகருன்னு அத்தனை பேரும் கத்தியும் புரியாம அங்கயே நின்னானாம். இந்தக் கடிதத்தோட வந்த தமிழ்த் தாள்ல போட்டிருக்கு. அவன் ஒழுங்காப் படிக்காமத்தான் செத்தான்னு, இருபது நாளா அப்பா அவனைத் திட்டிக்கிட்டே இருந்தார் சார்."